நாள், பொழுது, நிரல்: ஒரு சிறு லைப்ரரிக்குள் எவ்வளவு காலம் அடங்கும்?

பைதான் மொழியில் எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாக நேர மண்டலங்களுக்குப் பைடிஇசட் என்ற லைப்ரரியைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் ‘ஆசியா/கொல்கத்தா’ மண்டலத்தை எடுத்து, தேதியை உருவாக்கும்போதே அதோடு ஒட்டி, காலை 10 மணிக்குக் கூட்டம் என்று எழுதிப் பாருங்கள். கூட்டம் இந்திய நேரப்படி 9:37க்குத் தொடங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த 23 நிமிடங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் 19ஆம் நூற்றாண்டுக்குப் போய்ச் சேர்வோம்.

உலகின் நேர மண்டலங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தொகுப்பில் இந்தியாவுக்கு இருப்பது ஒரே ஒரு எண் அல்ல, ஒரு வரலாறு. முதலில் கல்கத்தாவின் உள்ளூர்ச் சூரிய நேரம்: கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 வினாடி முன்னால். 1854இல் எட்டு வினாடி குறைந்து ஹௌரா நேரம். 1870 முதல் மதராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 வினாடி; சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையில் பிறந்து ரயில்வேயால் நாடெங்கும் பரவியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு மணி கூட்டி ஆறரை. 1945 அக்டோபரில் மறுபடியும் ஐந்தரை. போர்க்காலத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடர்கள் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வது இதனால்தான்.

மண்டலம் எந்தத் தேதிக்கு வேண்டும் என்று தெரியாத நிலையில், பைடிஇசட் பட்டியலின் முதல் வரியை எடுத்து 5:53 என்று ஒட்டிவிடுகிறது. மண்டலத்தைத் தேதியோடு சேர்க்க அந்த லைப்ரரியில் தனியாக ஒரு செயல்கூறு உண்டு. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு கருவியில் தவறான வழி சுலபமாகவும் சரியான வழி சுற்றுவழியாகவும் இருந்தால் ஆவணம் எழுதி என்ன பயன்? 2020இல் வந்த பைதான் 3.9, மொழிக்குள்ளேயே ஒரு மண்டலப் பகுதியைச் சேர்த்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர ஆரம்பித்தது.

தேதியும் நேரமும் கையாளும் சிறு லைப்ரரி ஒன்றை எழுத உட்காராத நிரலாளர் அரிது. நூறு வரி போதும் என்று தோன்றும். இத்தனை காலமாக எழுதப்பட்ட லைப்ரரிகளை வரிசையாகப் பார்த்தால், அவை சறுக்கிய இடம் பெரும்பாலும் கணக்கு அல்ல. வெவ்வேறு தன்மையுள்ள நான்கைந்து பொருள்களை ஒரே பெயரில் அடைத்ததுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

எளிதான பகுதி

கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். கிரெகோரி நாட்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருகிறது. அந்தச் சுழற்சியில் 1,46,097 நாட்கள். அதை 7ஆல் வகுத்தால் மீதி இல்லை. எனவே கிழமைகளும் சேர்ந்தே திரும்புகின்றன. ஒரு தேதியை நாள் எண்ணாக மாற்றுவதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு: ஆண்டை மார்ச் மாதத்தில் தொடங்குவது. அப்போது பிப்ரவரி கடைசி மாதமாகிவிடும். 29ஆம் தேதி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி ஆண்டின் கோடிக்குத் தள்ளப்பட்டுவிடும். மார்ச் முதல் எண்ணினால் மாதங்கள் 31, 30, 31, 30, 31 என்று ஐந்தைந்தாக, 153 நாள் கட்டுகளாக அமைகின்றன. மார்ச்சைப் பூஜ்யமாகக் கொண்ட மாத எண்ணை 153ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் அந்த மாதத்துக்கு முன்பு எத்தனை நாட்கள் கழிந்தன என்பது கிடைத்துவிடும். அட்டவணை வேண்டாம், நிபந்தனைக் கூற்று வேண்டாம். சி++ மொழியின் தேதிப் பகுதியை உருவாக்கிய ஹோவர்ட் ஹின்னன்ட் இந்தச் சூத்திரங்களை விளக்கத்தோடு பொதுவில் வைத்திருக்கிறார்; பல மொழிகளின் லைப்ரரிகள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில்தான் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்லலாம். பிப்ரவரி குறைப்பட்டுக் கிடப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இதையும் கோட்டைவிட்டவர்கள் உண்டு. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் இசைக்கருவிகள் உலகெங்கும் உறைந்து நின்றன. உள்ளே இருந்த கடிகார நிரல், நாள் எண்ணிக்கை 365க்கு மேல் இருக்கும்வரை ஓர் ஆண்டைக் கழித்துக்கொண்டே போகும் ஒரு சுழல். லீப் வருடமானால், எண்ணிக்கை 366ஐத் தாண்டினால் மட்டும் கழிக்கும். சரியாக 366ஆம் நாளில் கழிக்கவும் முடியாது, வெளியேறவும் முடியாது. பேட்டரி தீரும்வரை விட்டுவிட்டு மறுநாள் மின்னேற்றுங்கள் என்பதே நிறுவனம் தந்த வைத்தியம். 2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் அஷ்யூர் மேகக்கணிமைச் சேவை விழுந்தது இன்னும் எளிய காரணத்தால்: ஓராண்டுச் சான்றிதழுக்கு முடிவுத் தேதி வேண்டி, ஆண்டு எண்ணில் ஒன்றைக் கூட்டினார்கள். 2013 பிப்ரவரி 29 என்றொரு நாள் கிடையாது.

இவை செய்தியாகிற பிழைகள். ஆனால் சோதித்தால் பிடிபடுபவை. ஒரு லைப்ரரி இந்தப் பகுதியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் மறுபடி தொட வேண்டியதில்லை.

எண்ணப்படும் வினாடிகள்

கணினிக்குள் காலம் என்பது பெரும்பாலும் ஓர் எண். யூனிக்ஸின் முதல் பதிப்பு ஒரு வினாடியை 60 கூறாக்கி, அந்தக் கூறுகளை 1971 ஜனவரி 1 முதல் எண்ணியது. 32 பிட்டில் அது இரண்டேகால் ஆண்டுகளில் நிரம்பிவிடும். தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தபின், வினாடிகளை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுவது என்று முடிவாயிற்று. குறியுடைய 32 பிட் எண்ணில் அதுவும் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரமான யுடிசிப்படி, 3:14:07க்கு நிரம்பும். புதிய கணினிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆலைகளிலும் மீட்டர்களிலும் பதிந்து கிடக்கும் சின்னச் சில்லுகள்தான் கவலை.

இந்த எண்ணைச் சிறு லைப்ரரி எழுதுகிறவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், ஒரு எச்சரிக்கையோடு. யூனிக்ஸ் எண், லீப் வினாடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1972 முதல் 27 முறை யுடிசியில் ஒரு வினாடி செருகப்பட்டிருக்கிறது. கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. அந்த நள்ளிரவில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையில் ஒரு பகுதி விழுந்தது. கோ மொழியில் எழுதப்பட்ட அவர்களுடைய நிரல், தொடங்கிய நேரத்தை முடிந்த நேரத்திலிருந்து கழித்தது. நேரம் முன்னோக்கித்தான் போகும் என்பதில் எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை. அன்று கடிகாரம் ஒரு வினாடி பின்வாங்க, கழித்தலின் விடை குறை எண்ணாகி, அதை வாங்கிய ராண்டம் எண் செயல்கூறு நிலைகுலைந்தது. சமம் என்ற சோதனையைச் சமம் அல்லது குறைவு என்று மாற்றியதோடு சிக்கல் தீர்ந்தது. ஒரே ஓர் எழுத்து.

எத்தனை நேரம் ஆயிற்று என்று அளப்பதற்கும், இப்போது மணி என்ன என்று சொல்வதற்கும் தேவைப்படும் கடிகாரங்கள் வேறு வேறு. முதலாவது ஒருபோதும் பின்வாங்கக் கூடாது. இரண்டாவது திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். 2017இல் வந்த கோ 1.9 இந்த இரண்டையும் ஒரே மதிப்புக்குள் மறைத்து வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தது. சாமர்த்தியமான தீர்வுதான், ஆனால் எனக்கு உவப்பில்லை. ஒரே நேரத்தைக் குறிக்கும் இரு மதிப்புகளைச் சமமா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும் சந்தர்ப்பங்களை அது உண்டாக்கிவிட்டது. லீப் வினாடியையோ 2035க்குள் கைவிடுவதென்று 2022இல் எடைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு தீர்மானித்துவிட்டது.

ஒரு பெயரில் நான்கு பொருள்

1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்டை எழுதினார். ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் உத்தரவு. எனவே தேதிப் பகுதி ஜாவாவிலிருந்து அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டது. மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதும் ஆண்டை 1900லிருந்து எண்ணுவதும் சி மொழியின் பழக்கங்கள். ஜாவா வழியாக அவையும் வந்து சேர்ந்தன. 2000 ஜனவரியில் பல இணையப் பக்கங்கள் ஆண்டை 19100 என்று காட்டியது இதன் விளைவு. வேடிக்கை என்னவென்றால், ஜாவா 1997இலேயே தன் தேதி வகுப்பின் பெரும்பகுதியைக் கைவிடத் தக்கது என்று அறிவித்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த வசதி இல்லை. வலையில் ஒருமுறை ஓடிய நிரல் என்றும் ஓட வேண்டும்.

மாத எண் ஒரு சில்லறைத் தொல்லை, பழகிவிடும். உண்மையான கோளாறு, அந்தத் தேதி வகைக்குள் இருப்பது ஒரு கணம் மட்டுமே என்பது. உலகம் முழுதுக்கும் பொதுவான ஒரு நொடி. ஆனால் மக்கள் அதில் பிறந்தநாளை வைக்கிறார்கள். பிறந்தநாள் ஒரு கணம் அல்ல. நாட்காட்டியில் ஒரு கட்டம். கடை திறக்கும் நேரம் கணமும் அல்ல, தேதியும் அல்ல. அன்றாடம் கடிகாரத்தில் வரும் ஒரு முள் நிலை. சென்னையில் அடுத்த ஆண்டு தை மாதம் ஏதோ ஒரு நாள் மாலை ஆறரைக்குக் கச்சேரி என்பது ஊரோடு பிணைந்த நேரம். இரண்டரை மணி நேரம் ஓடும் என்பது வெறும் அளவு. இத்தனையையும் ஒரே எண்ணில் திணித்தால் என்ன ஆகும் என்பதை இந்தியாவில் வலைச் செயலி எழுதிய யாரும் பார்த்திருப்பார்கள்: படிவத்தில் மார்ச் 15 என்று தேர்ந்தெடுத்தால் தரவுத்தளத்தில் மார்ச் 14, 18:30 என்று போய் உட்கார்ந்திருக்கும். இந்திய நள்ளிரவு, யுடிசியில் முந்தைய நாள் மாலை ஆறரை. அறிக்கை எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரு நாள் குறையும். யாராவது ஒருவர் அவசரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டி எழுதுவார். பிறகு வேறொருவர், காரணம் தெரியாமல், இன்னொரு ஐந்தரையைக் கூட்டுவார்.

இந்தக் குழப்பத்தை முதலில் முறையாகப் பிரித்தவர் ஸ்டீபன் கோல்போர்ன். ஜாவாவுக்காக அவர் தொடங்கிய ஜோடா-டைம் கணம், தேதி, நேரம், மண்டலத்தோடு கூடிய நேரம், கால அளவு ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாக்கியது. அதில் தனக்கே குறையாகப் பட்டவற்றைத் திருத்தி அவர் மறுபடி வடிவமைத்ததுதான் 2014இல் ஜாவா 8இல் சேர்ந்தது. டாட்நெட் உலகில் ஜான் ஸ்கீட் எழுதிய நோடா டைம் இதே வழியில் இன்னும் கண்டிப்பாக நடந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. 2011இல் வந்த மொமென்ட் லைப்ரரி எழுதவும் படிக்கவும் அவ்வளவு இதமாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் அதற்கு மாறினார்கள். அதன் மதிப்புகள் மாறக்கூடியவை. தொடக்கத் தேதியோடு ஏழு நாள் கூட்டி முடிவுத் தேதி என்று பெயர் வைத்தால், தொடக்கமும் ஏழு நாள் நகர்ந்திருக்கும். இரண்டு பெயரும் ஒரே பொருளுக்குத்தான். பின்னால் இதை மாற்ற நினைத்தபோது, மாற்றினால் அதை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் உடையும். 2020 செப்டம்பரில் மொமென்ட் குழுவே, இனிப் புதிய திட்டங்களுக்கு இதை எடுக்காதீர்கள் என்று அறிவித்தது. தன் பயனர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லும் நேர்மை மென்பொருள் உலகில் அபூர்வம்.

அந்த இடத்தைப் பிடித்தவற்றில் ஒன்று டே.ஜேஎஸ். இரண்டு கிலோபைட் என்பதே அதன் விளம்பரம். மதிப்புகள் மாறாதவை, மொமென்ட் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. ஆனால் அது சுருக்கியது கோப்பின் அளவை மட்டும். கணமும் தேதியும் கடிகார நேரமும் அங்கேயும் ஒரே வகைதான். எதிர்ப்பக்கத்தில் டெம்போரல்: ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கே புதிய தேதிப் பகுதி, 2021இல் தரப்படுத்தலின் மூன்றாம் கட்டத்தை எட்டி, 2025 மே மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 139 வழியாக முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. எட்டு வகைகள், நூற்றுக்கணக்கில் செயல்கூறுகள். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகையும் தன்னளவில் சிறியது. வெறும் தேதிக்கு மணி கிடையாது. அதை ஒரு கணமாக்க வேண்டுமானால் எந்த ஊர் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மறுத்துவிடும். சிறிய லைப்ரரி என்ற சொல்லுக்கு நான் மதிப்புத் தருவது இந்தப் பொருளில்தான்.

அரசாணைகள்

மண்டலங்களுக்கு வருவோம். இங்கே கணிதம் இல்லை, அரசிதழ்தான். 1980களில் அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பின்னர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பால் எகர்ட் பராமரித்துவரும் தரவுத்தொகுப்பைத்தான் உங்கள் கைபேசி உட்பட ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் நம்பியிருக்கின்றன. ஆண்டுக்குச் சில முறை புதிய பதிப்பு வரும். 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம், தாங்கள் உரிமை வைத்திருக்கும் நேர அட்லஸிலிருந்து தகவல்கள் எடுக்கப்பட்டன என்று இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. சில நாட்கள் உலகின் நேரப் பட்டியல் இணையத்தில் இல்லாமலே போயிற்று. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு வழக்கைத் திரும்பப் பெற்றது.

இந்தத் தொகுப்பின் கோப்புகளில் எண்களைவிட அவற்றுக்கு இடையே இருக்கும் குறிப்புரைகள்தான் படிக்கச் சுவையானவை. இலங்கைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டைச் சமாளிக்க 1996 மே 25 அன்று கொழும்பு அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி ஆறரை ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைத்து ஆறு. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மறுபடி ஐந்தரை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. ஏறத்தாழ பத்தாண்டுகள் வன்னிக்குள் போகிறவர்கள் கடிகாரத்தையும் திருப்பிக்கொண்டார்கள். தொகுப்பில் இதற்குத் தனி மண்டலம் இல்லை. அப்பகுதி மக்கள் ‘ஆசியா/கொல்கத்தா’வைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 முதல் இரண்டும் ஒத்தே இருந்திருக்கின்றன என்று 2006இல் எகர்ட் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஒரு நிரலாளருக்கு அது நடைமுறை யோசனை. வேறு கண்ணோடு படிப்பவருக்கு அது வேறு மாதிரியும் தெரியும்.

இப்படி எத்தனையோ. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் சிங்கப்பூரில் நள்ளிரவாயிற்று. கிழக்கு மலேசியாவோடு நேரத்தை ஒன்றாக்க மேற்கு மலேசியா எடுத்த முடிவை ஒட்டி அங்கேயும் அரை மணி காணாமல் போனது. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையே இல்லை. லெபனானில் 2023 மார்ச்சில் கோடைகால நேரத்தை ரம்ஜானை முன்னிட்டுத் தள்ளிவைப்பதாக அரசு கடைசி நாட்களில் அறிவிக்க, மாரோனைட் திருச்சபை ஏற்க மறுக்க, சில நாட்கள் ஒரே தெருவில் இரண்டு மணி ஓடியது. பிறகு அரசு பின்வாங்கியது.

சிறு லைப்ரரிக்கு இதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான்: மண்டலத் தரவை உள்ளே வைத்துக்கொள்ளாதே. இயங்குதளத்திடமோ உலாவியிடமோ கேட்டு வாங்கு. லைப்ரரிக்குள் பூட்டி வைத்த பட்டியல், அடுத்த அரசாணை வந்த அன்றே பழையதாகிவிடும். அதை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் யுடிசியில் சேமித்துவை என்பது நிரலாளர்களிடையே வேதவாக்குப் போல ஓதப்படுகிறது. நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. நடக்கப்போவதற்குச் சரியல்ல. பெய்ரூட்டில் ஏப்ரல் முதல் வாரம் காலை 9 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால், நோயாளியும் மருத்துவரும் ஒப்புக்கொண்டது அந்த ஊர்க் கடிகாரத்தின் 9 மணியை. அதை யுடிசியாக்கிச் சேமித்த பிறகு அரசு மனம் மாறினால் சந்திப்பு 8க்கோ 10க்கோ நகர்ந்துவிடும். உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ‘மண்டலத்தோடு கூடிய நேரம்’ என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது மண்டலத்தைச் சேமிப்பதில்லை, யுடிசிக்கு மாற்றிவிட்டு மண்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும்.

கோடைகால நேரம் நம் ஊரில் இல்லாதது நம் நிரலாளர்களுக்கு ஒரு குறை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதிய நிரல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் வரும்வரை ஒழுங்காக ஓடும். மார்ச்சில் அதிகாலை 2:30 என்ற நேரமே வராது. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். பைதான் 3.6, எந்த 1:30 என்று சொல்ல ஒரு பூஜ்யம்/ஒன்று குறியைச் சேர்த்தது. டெம்போரல் முந்தையதா, பிந்தையதா, அல்லது மறுத்துவிடவா என்று தேர்ந்தெடுக்க வழி தருகிறது. பல சிறு லைப்ரரிகள் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொள்கின்றன.

ஒரு மாதம் என்றால் எத்தனை நாள்?

லீப் அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால்? ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வகை பிப்ரவரி 31 என்று வைத்து, வழிந்ததை அடுத்த மாதத்தில் ஊற்றி மார்ச் 3 என்கிறது. ஜாவா 8 பிப்ரவரி 28இல் நிறுத்துகிறது. இரண்டாவதுதான் மக்களின் எண்ணத்துக்கு அருகில் இருக்கிறது; ஆனால் அதிலும் ஒரு வளைவு உண்டு. ஒரு மாதம் கூட்டி மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. இரண்டு மாதத்தை ஒரே வீச்சில் கூட்டினால் மார்ச் 31. கடன் தவணை கணக்கிடும் நிரல், ஒவ்வொரு தவணையையும் முந்தைய தவணையிலிருந்து கணக்கிட்டால் 31ஆம் தேதி வாடிக்கையாளர் பிப்ரவரிக்குப் பிறகு நிரந்தரமாக 28ஆம் தேதிக்கு வந்துவிடுவார். எப்போதும் முதல் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இதை லைப்ரரி தீர்க்க முடியாது, ஆவணத்தில் சொல்லலாம்.

வயதுக் கணக்கும் இந்த ரகம். இந்திய வயதுவந்தோர் சட்டம் 1875, பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதே ஒருவர் வயதுவந்தவர் ஆகிறார் என்கிறது. இங்கிலாந்தின் பொதுச்சட்டமோ 1969இல் திருத்தும்வரை, பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது நிறைவதாகக் கொண்டது. பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு என்ன விடை என்பது ஊருக்கு ஊர் மாறும். ‘வயது’ என்றொரு செயல்கூறை வைத்திருக்கும் லைப்ரரி தனக்கே தெரியாமல் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

எழுத்தும் மொழியும்

தேதியை எழுத்தாக்குவதற்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம் போதும். அதன் பரந்த வகைகளை வெட்டி 2002இல் ஆர்எஃப்சி 3339 தந்த சுருக்கமே சிறு லைப்ரரிக்கு ஏற்றது. வேறு எந்த வடிவத்தையும் ஊகித்துப் படிக்கக் கூடாது. 03/04/2025 மார்ச்சா ஏப்ரலா என்பது எழுதியவர் நியூயார்க்கா மதுரையா என்பதைப் பொறுத்தது. க்ரோம் உலாவியின் பழைய ஊகமுறை, ஏதோ ஒரு பொருளற்ற சொல்லையும் 1 என்ற எண்ணையும் கொடுத்தால்கூட 2001 ஜனவரி 1 என்று பெருந்தன்மையோடு வாசித்துத் தரும்.

மனிதர் படிக்கும் வடிவம் வேறு விஷயம். மொமென்ட் லைப்ரரியின் தமிழ்ப் பகுதியைத் திறந்து பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. முற்பகல், பிற்பகலுக்குப் பதிலாக நாளை நான்கு மணிநேரம் வீதம் ஆறாகப் பிரித்து யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று பொருளிலக்கணத்தின் சிறுபொழுதுகளை வைத்திருக்கிறார்கள். எண்களும் தமிழ் எண்களாக மாறிவிடும். யாரோ ஆசையோடு செய்த வேலை. மறுக்க மனம் வரவில்லை. ஆனால் மின்கட்டணச் செயலியில் எற்பாடு ௩ மணி என்று வந்தால் நாம் உதவி எண்ணைத்தான் தேடுவோம். மாலை 4 மணிக்கு வாருங்கள் என்று சொல்லும் ஊரில் மாலையை 6க்குத்தான் தொடங்குவேன் என்று ஒரு லைப்ரரி அடம்பிடிக்க முடியாது. இந்தப் பொறுப்பை யூனிகோட் அமைப்பின் மொழித் தரவிடம் விட்டுவிடுவதே நல்லது. குறை இருந்தாலும் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். அங்கேயும் இந்திய நாட்காட்டி என்று இருப்பது 1957இல் அரசு ஏற்ற சக நாட்காட்டி. தமிழ் மாதங்கள் இல்லை. மாதப் பிறப்பு சங்கராந்தி நேரத்தையும் சூரிய அஸ்தமனத்தையும் பொறுத்தது; வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நேரம் ஒத்துப்போவதில்லை. எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்காமல் இதை எழுத முடியாது.

இன்னொன்று: ‘இப்போது’ என்பதை லைப்ரரி தானாக எடுக்கக் கூடாது. அழைப்பவர் கையில் கொடுக்க வேண்டும். ஜாவா 8 கடிகாரத்தையே ஒரு பொருளாக்கி, வேண்டிய இடத்தில் நின்றுபோன கடிகாரத்தைக் கொடுக்க வழி செய்தது. மாதக் கடைசியில் மட்டும் தோற்கும் சோதனைகளை இரவில் உட்கார்ந்து துரத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சோதனை என்று வந்தால், ஐந்தரை மணியிலேயே பிறந்து வளர்ந்த நிரல் எதையும் நிரூபிப்பதில்லை. சமோவாவின் காணாமல் போன வெள்ளி, கோடையில் அரை மணி மட்டுமே தள்ளும் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹௌ தீவு, 5:45இல் நிற்கும் நேபாளம், கொழும்பின் 2006 ஏப்ரல் 15 என்று நாலு இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக லைபீரியாவின் மன்ரோவியா. 1972 ஜனவரி வரை அதன் விலகல் கிரீன்விச்சுக்கு 44 நிமிடம் 30 வினாடி பின்னால். யூனிக்ஸ் எண்ணத் தொடங்கிய பிறகும் வினாடியோடு நின்ற விலகல் அது. ஆர்எஃப்சி 3339 வடிவத்தில் விலகலுக்கு மணியும் நிமிடமும்தான் இடம் உண்டு. டெம்போரல் அதை 45 நிமிடமாக முழுமையாக்கி எழுதுகிறது; திரும்பப் படிக்கும்போது, எழுதியிருக்கும் 45 நிமிடமும் மண்டலத்தின் உண்மையான 44:30உம் பொருந்துவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதிமுறையில் அதற்கென்றே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்.